தொய்ந்த இறவாரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், செம்மண் தோட்டங்களுக்கும் பனங்கூடல்களுக்கும் நடுவே அமைந்த உடுவிலில், ஓட்டுக் கூரை கொண்ட பழைய வீடுகளின் தோற்றத்தைத் தீர்மானிப்பது சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் கூரையின் ஓரமே ஆகும். இவ்வோரப் பகுதியை நூல்வழக்கில் இறவாரம் என்பர். ஊர்வழக்கில் அதன் அடிப்புறம் இறப்பு எனப்படும். சத்தகமும் அரிவாளும் செருகி வைக்கப்படும் இடம் அது. இறவாரம் இன்னும் வெளியே நீண்டு, தூண்களின்மேல் தாங்கப்பட்டு, ஆட்கள் அமரத்தக்க அகலம் பெறுமாயின் அது தாழ்வாரம் அல்லது விறாந்தை ஆகிறது. தூண் எதுவுமின்றி, சுவரின் தலையை மட்டும் ஊன்றாகக் கொண்டு வெளியே நிற்கும் இறவாரம் நாளடைவில் தொய்ந்துபோவதும், அதைக் கழற்றி நிமிர்த்துவதும் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. இங்குக் கூறப்படுவன உடுவிலிலும் சுன்னாகம், மானிப்பாய், இணுவில் ஆகிய அயலூர்களிலும் கூரைவேலை செய்துவந்த தச்சரின் கைப்பழக்கத்தில் தெளிந்தவை.

இறவாரம் அழகுக்காக வைக்கப்பட்ட உறுப்பு என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளமையால், அதன் பணியை முதலில் சொல்லிவிட வேண்டும். குடாநாட்டுக்கு மழை ஆண்டு முழுவதும் பரவலாகக் கிடைப்பதில்லை. பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரியிலேயே, வாடைக்காற்றின் துணையோடு, சாய்வாக அடித்துப் பெய்து தீர்கிறது. பழைய வீடுகளின் சுவர்கள் இம்மண்ணின் சுண்ணாம்புக்கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ அடுக்கிக் கட்டப்பட்டவை. அவை ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் வெளிவிடும், ஆனால் தொடர்ந்து நனைந்துகொண்டே இருந்தால் சாந்து கரைந்து கற்கள் பிடிப்பை இழக்கும். சுவரின் தலையிலிருந்து 3 அடி வெளியே நிற்கும் இறவாரம் மாரியில் சாய்மழையையும், வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்றின் காலத்தில் கொடுவெயிலையும் தடுத்து, அச்சுவருக்கு ஆயுள் தருகிறது. ஆதலால் தொய்ந்த இறவாரத்தை அறுத்தெறிந்துவிட்டு யன்னலுக்கு மேலே சிறிய கொங்கிறீற்றுத் தட்டு ஒன்றை நீட்டிவிடும் இக்கால வழக்கம், காலப்போக்கில் சுவரையே பலிகொடுக்கும் வழக்கமாகும்.

கூரையின் உறுப்புகள் சிலவே. உச்சியில் நீளவாட்டில் கிடப்பது முகட்டுவளை. சுவரின் தலைமேல் நீளவாட்டில் கிடத்தப்பட்டுக் கூரையின் பாரத்தைச் சுவருக்குப் பகிர்ந்துகொடுப்பது சுவர்வளை. முகட்டுவளையிலிருந்து சுவர்வளைக்குச் சாய்வாக இறங்கி, அதைக் கடந்து வெளியே நீள்பவை கைமரங்கள். யாழ்ப்பாணத்தில் அவை பெரும்பாலும் பனையைப் பிளந்து செதுக்கிய சிலாகைகளாகவே இருக்கும். கைமரங்களுக்குக் குறுக்காக ஓரடிக்குச் சற்று மிகுந்த இடைவெளியில் அறையப்படும் மெல்லிய சட்டங்கள் ரீப்பைகள்; ஓடு தன் அடிப்புறத்துக் குமிழால் ரீப்பையைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. முற்காலத்தில் அரைவட்டக் குழல்போன்ற பீலி ஓடு மேல்கீழாகக் கவிழ்த்து மேயப்பட்டது. பேசல் மிசனார் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியே தட்டையான, ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஓடு பரவிய பின்னர், யாழ்ப்பாணத்தார் கள்ளிக்கோட்டை ஓடு என்று அழைக்கும் அவ்வகை இங்கும் நிலைபெற்றது.

கைமரத்தின் வெளிநீட்டம், ஒருமுனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை வெளியில் நிற்கும் சட்டம் ஆகும். இத்தகைய சட்டத்தின் தாழ்ச்சி அதன் நீளத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. பாரம் சீராகப் பரவியிருப்பின் நீளத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது. அஃதாவது, மரமும் ஓடும் மாறாதிருக்க, நீட்டம் 2 அடியிலிருந்து 3 அடியாகும்போது முனையின் தாழ்ச்சி ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. மங்களூர் வகை ஓடு வேய்ந்த கூரையின் எடை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோ என்று கொண்டால், 30 அடி நீளச் சுவரின் வெளியே 3 அடி நீண்ட இறவாரத்தின் ஓடு மட்டும் 330 கிலோவைத் தாண்டும். மாரியில் ஓடு நீரைக் குடிக்கும்போது இன்னும் கூடும். இப்பாரம் ஒருநாளும் இறங்காமல் ஆண்டுக்கணக்கில் நிற்பதால், உடையாத மரமும் மெல்ல மெல்ல வளைந்து அந்த வளைவிலேயே உறைந்துவிடுகிறது. இத்தொய்வு இயல்பானது, ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் என்ற அளவில் நிற்குமாயின் அஞ்ச வேண்டியதும் இல்லை.

அஞ்ச வேண்டியது வேறொரு தொய்வு. அது முனையில் தென்படும். ஆனால் தொடங்குவது சுவரின் தலையில். கைமரத்தின் வெளிமுனை தாழும்போது, சுவர்வளைக்கு மேலே கூரையின் சாய்வில் ஒரு முறிவு உண்டாகிறது: அதற்கு உள்ளே ஒரு சாய்வும் வெளியே அதைவிடச் செங்குத்தான சாய்வும் ஏற்படுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று படிந்து பூட்டியிருந்த ஓடுகள் அந்த முறிவுக் கோட்டில் வாய் திறக்கின்றன. அவ்வாய் வழியே இறங்கும் நீர் வேறெங்கும் விழாமல் நேரே சுவர்வளையின் மேலும், கைமரம் அதன்மேல் அமரும் வெட்டிலும் விழுகிறது. அங்கே மரம் உளுக்கிறது. ஈரத்தை நாடிக் கறையான் சுவரின் உள்ளாக ஏறி வருகிறது. ஊன்று நலிய முனை மேலும் தாழ்கிறது. முனை தாழ ஓட்டின் வாய் மேலும் அகல்கிறது. தொய்வே ஒழுக்கை உண்டாக்கி, ஒழுக்கே தொய்வை வளர்க்கும் இச்சுழற்சியை அறியாத எவரும் இறவாரத்தை நிலையாகச் செப்பனிட முடியாது.

இச்சுழற்சியை விரைவுபடுத்தும் ஒரு செயல் அண்மைக்காலத்தில் வீடுதோறும் நடந்துள்ளது. சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் இடையே, கைமரங்களின் நடுவே உள்ள திறப்பு காற்றோட்டத்துக்காக விடப்பட்டது. எலியும் அணிலும் புகுகின்றன என்று அதைச் சீமெந்துச் சாந்தால் இறுக அடைத்துவிடுகின்றனர். சீமெந்துக்குள் புதைந்த மரம் ஒருமுறை நனைந்தால் காய வழியில்லை. வெளியில் கருகருவென்று உறுதியாகத் தெரியும் சிலாகை, சாந்தைத் தட்டி உடைத்துப் பார்க்கும்போது புகையிலைத்தூள் போல உதிர்வதைத் தச்சர் பலமுறை கண்டுள்ளனர். திறப்பை அடைக்க விரும்புவோர் துளையுள்ள கம்பிவலையை அறைவதே தக்கது.

உடுவிலின் கூரைகளுக்கு வரலாறும் ஒரு சுமையை ஏற்றியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக வீடுகளை விட்டு வெளியேறித் தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றனர். 1996 ஏப்பிரலுக்குப் பின்னரே திரும்பத் தொடங்கினர். இடைப்பட்டது மாரி. அதிர்வில் நகர்ந்த ஓட்டை ஏறி ஒதுக்கிவிட ஆளில்லாமல், அந்த ஒரு மாரி முழுவதும் சுவர்த்தலைகள் நனைந்தன. திரும்பியோர் கண்ணில்பட்ட உடைந்த ஓடுகளை மாற்றினர்; உள்ளே நனைந்து கிடந்த சுவர்வளையைத் திறந்து பார்க்கும் வசதி அன்று யாருக்கும் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளிலும் பொருளாதாரத் தடையால் சீமெந்தும் இரும்பும் அரிதாயிருந்தன. பதுங்குகுழிகளை மூடப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. அக்காலத்துக்கு முன் கட்டப்பட்ட வீடொன்றில் இறவாரம் தாழ்ந்திருப்பின், ஓடு நல்லதாகத் தெரிந்தாலும், சுவர்வளையை முதலில் ஐயுறுவது தொழிலறிந்தார் வழக்கம்.

வீட்டார் பொதுவாகக் கேட்பது ஒன்றே: “ஒரு தூணைக் குடுத்து நிமித்திவிட்டாக் காணாதே, ஆசாரியார்?” அவ்வாறு செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் தொய்ந்த முனைக்குக் கீழே ஊன்றிய தூண், உளுத்த சுவர்வளையைத் தொடுவதே இல்லை. அது முனையை நிறுத்திவைப்பதால் நோயின் அறிகுறி மறைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியும் தொய்வு இல்லாமையால் எவரும் ஓட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. ஊன்று முற்றாக நொறுங்கும் நாளில் கைமரம் சுவரின் தலையிலிருந்து வழுவி உள்ளறையின் கூரையையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. தூண் கொடுப்பதாயின் அதன்மேல் நீளவாட்டில் ஒரு வளையைக் கிடத்தி, எல்லாக் கைமரங்களையும் அதில் இருத்தி, தூணுக்கு அடித்தளமும் இட்டு, முறையான தாழ்வாரமாக மாற்ற வேண்டும்; அதுவும் சுவர்வளையைச் சீராக்கிய பின்னரே.

மருதனார்மடத்துப் பக்கமாக உள்ள ஒரு நாற்சார் வீட்டில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அறைகளும் திண்ணைகளும் அமைந்த வீட்டில், தென்புற இறவாரம் நடுப்பகுதியில் 4 அங்குலம் தாழ்ந்திருந்தது. இரு மூலைகளுக்கும் இடையே நூல் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கைமர முனையிலும் நூலுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து சுவரில் கரியால் குறித்தபோது, தாழ்ச்சி வில்போல ஒழுங்காக இல்லாமல், அடுத்தடுத்த மூன்று கைமரங்களில் மட்டும் திடீரென மிகுவது தெரிந்தது. வில்போன்ற தொய்வு மரத்தின் களைப்பைக் காட்டும். இத்தகைய திடீர்ப் பள்ளம் ஊன்றின் கேட்டைக் காட்டும். உளியின் பிடியால் கைமரத்தை முனையிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே சென்றால், நல்ல பனை கணீரென்று ஒலிக்கும். கேடுற்ற இடத்தில் ஒலி அடைத்துப்போகும். அங்கே துறப்பணத்தால் ஒரு சிறு துளையிட்டு, வெளிவரும் தூளைக் கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கருநிறத்தில் நார்நாராக வந்தால் மரம் உயிரோடு உள்ளது. வெளிறிய மாவாக வந்தால் உள்ளே எதுவும் இல்லை. இவ்வீட்டில் ஓடு இறக்கிப் பார்த்தபோது சுவர்வளை ஏறத்தாழ 5 அடி நீளத்துக்குத் தோல் மட்டும் மிஞ்சிய நிலையில் இருந்தது. தோல் மிஞ்சியதற்குக் காரணம் பனையின் இயல்பிலேயே உள்ளது.

பனை, மற்ற மரங்களைப்போல ஆண்டு வளையம் இட்டு உள்ளே வைரம் பாய்வதன்று. அதன் வைரம் வெளிவட்டத்தில், அதுவும் அடிமரத்தில், இருக்கிறது. நடுவில் இருப்பது மென்மையான சோறு. முதிர்ந்த பனையின் அடிப்பகுதியைக் கோடாலியும் ஆப்பும் கொண்டு நெடுக்காகப் பிளந்து, சோற்றை வாய்ச்சியால் செதுக்கி நீக்கி, கருவைரத்தை மட்டும் எடுத்த சிலாகை, வன்னிக் காட்டு முதிரைக்கும் பாலைக்கும் ஈடாக நிற்கும். ஒல்லாந்தர் காலத்திலேயே இம்மரம் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியாக ஏற்றுமதியானது. வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றி மட்டுமே ஒரு நூலை 1850இல் கொழும்பில் வெளியிட்டார். சோற்றை முழுதும் நீக்காமல் அவசரமாகச் செதுக்கிய சிலாகையில்தான் ஈரமும் கறையானும் முதலில் குடிபுகுகின்றன; அவை உள்ளிருப்பதைத் தின்று முடித்தபின்னும் வெளித்தோல் கருமை மாறாமல் நிற்பதால் பார்வை ஏமாறுகிறது. இன்று முதிர்ந்த பனையைத் தறிக்க அனுமதி பெற வேண்டும்; அது நியாயமே. இடிக்கப்படும் பழைய வீடுகளின் சிலாகைகள் விறகாக விற்கப்படுவதைக் காணும்போது தச்சரின் நெஞ்சு பதைக்கிறது. நூறாண்டு காய்ந்த அம்மரத்துக்கு நிகரானது புதிதாக எங்கும் கிடைப்பதில்லை. இறவார வேலைக்கு வேண்டிய குறுகிய துண்டுகளை அவற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசியும் பங்குனியும் ஆகும். மாரியின் ஈரம் வற்றியிருக்கும், சோளகம் இன்னும் எழுந்திருக்காது. முதலில் இறவாரத்தின் ஓடுகளையும், சுவர்வளைக்கு உள்ளே நான்கைந்து வரிசைகளையும் இறக்கி, வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். பழைய ஓடுகள் தத்தம் அயல் ஓட்டோடு தேய்ந்து பொருந்தியவை. பாரம் நீங்கியதும் முனை தானாகச் சிறிது எழும். பின்னர் கைமரங்களுக்கு அடியில் நீளமான ஒரு சட்டத்தைக் கொடுத்து, அதன் கீழ் முட்டுமரங்களை நிறுத்தி, நிலத்தில் அகலப் பலகையிட்டு, ஜக்கால் ஒருமுறைக்குக் கால் அங்குலத்துக்கு மேற்படாமல் உயர்த்தி, ஓரிரவு ஆறவிட்டு மீண்டும் உயர்த்த வேண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் விரைவான அசைவைப் பொறாது. சுவர்த்தலையில் மயிர்வெடிப்புத் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். நெடுங்காலம் வளைந்து உறைந்த பனையை முழுதும் நேராக்க முயல்வதும் தவறு; நார்கள் பிளந்து மரம் வீணாகும். தாங்குமளவு நிமிர்த்தி, எஞ்சிய வளைவை அப்படியே விட்டு, கைமரத்தின் முதுகில் ஆப்புவடிவச் சட்டம் ஒன்றை வைத்து ரீப்பையின் மட்டத்தைச் சரிசெய்வதே அறிவுடைய வழி. ஓட்டுக்கு வேண்டியது நேரான ரீப்பை. அதற்குக் கீழுள்ள கைமரம் சற்றே வளைந்திருப்பதால் யாருக்கும் கேடில்லை.

கேடுற்ற கைமரத்துக்குப் பக்கத்தில் சேர்த்துப் பூட்டப்படும் துணைமரமே இச்செப்பனிடலின் உயிர்நிலை. வெளிநீட்டம் 3 அடி எனின், துணைமரம் சுவர்வளைக்கு உள்ளே குறைந்தது 6 அடியேனும் செல்ல வேண்டும். உள்நீளம் வெளிநீட்டத்தின் இருமடங்கு என்பது தொழிலில் கொள்ளப்படும் அளவு. துலாவில் ஒருமுனை தாழ மறுமுனை எழுவதுபோல, வெளிமுனையில் ஓட்டின் பாரம் இறங்கும்போது துணைமரத்தின் உள்முனை மேலெழ முயல்கிறது. உள்நீளம் குறுகினால் அந்த எழுச்சி மிகுந்து ஆணியைப் பிடுங்கிவிடும். எனவே உள்முனையில் ஒரு போல்ட்டும் சுவர்வளைக்கு அருகே ஒன்றும் கட்டாயம் வேண்டும். இடைப்பட்டவை இரு மரங்களையும் சேர்த்துப் பிடிக்கவே. போல்ட்டுகள் ஒரே நேர்கோட்டில் அமையின் பனை அக்கோட்டிலேயே பிளக்கும் என்பதால் மேலும் கீழுமாக மாற்றி இட வேண்டும். துளையிடாமல் பனையில் ஆணி அறைவதும் பயனில்லை; ஒன்று ஆணி மடங்கும், அல்லது மரம் பிளக்கும். துணைமரத்தின் தடிப்பைக் காட்டிலும் அதன் உயரமே முதன்மையானது: ஒரு சட்டத்தின் விறைப்பு உயரத்தின் மும்மடி அடுக்காக வளர்வதால், 3 அங்குல உயரத்தை 4 அங்குலமாக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. சுவர்வளையின்மேல் அமர்வதற்காக மரத்தின் அடியில் வெட்டும் வெட்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. பழைய கைமரங்கள் பல, அமர்வு நன்றாக இருக்க வேண்டும் என்று பாதிவரை வெட்டப்பட்டு, அவ்விடத்திலேயே முறிந்துள்ளன.

சுவர்வளையின் கேடுற்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்து நீக்கி, இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, புதிய துண்டை அவற்றின்மேல் படியவைத்துப் போல்ட்டால் இறுக்க வேண்டும். அதைச் சீமெந்தில் பதிக்காமல் சுண்ணாம்புச் சாந்தின்மேல் கிடத்தி, சுவர்த்தலையிலிருந்து ஈரம் ஏறாதபடி இடையில் தார்த்தகடு ஒன்றை விரித்தல் நன்று. வெட்டுமுகங்கள் நெடுக்குப் பக்கத்தைவிடப் பன்மடங்கு நீர் குடிப்பன. ஆதலால் போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரில் முனைகளை ஊறவைத்துக் காயவிட்ட பின்னரே பொருத்த வேண்டும். ஊரில் பரவலாகப் பூசப்படும் கழிவு ஒயில் மேற்பரப்பைக் கறுப்பாக்குமேயன்றி உள்ளே செல்வதில்லை.

இறவாரம் கீழ்நோக்கித் தொய்வதை மட்டுமே கருதும் தச்சர் பாதி வேலையே செய்தவர். புயலில் அதே இறவாரத்தைக் காற்று அடியிலிருந்து தள்ளுகிறது, மேலிருந்து உறிஞ்சுகிறது. 1964 டிசம்பரில் குடாநாட்டைத் தாக்கிய புயலிலும் 2008 நவம்பரில் நிஷாப் புயலோடு வந்த பெருமழையிலும் சோதனைக்குள்ளானது இவ்வோரமே. ஆகவே ஒவ்வொரு கைமரத்தையும் நாகம் பூசிய இரும்புப் பட்டியால் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரின் உள்ளே இறங்கும் கம்பியால் சுவரோடும் பிணைக்க வேண்டும். ஓட்டின் அடிக்குமிழில் உள்ள சிறு துளை அழகுக்காக விடப்பட்டதன்று. ஓர வரிசைகளில் அதன் வழியே கம்பி கோத்து ரீப்பையில் முறுக்கிவிட வேண்டும். அடிவரிசை ரீப்பை மட்டும் ஓர் ஓட்டின் தடிப்பளவு மற்றவற்றைவிட உயரமாக இருக்க வேண்டும். கீழே தாங்க வேறு ஓடு இல்லாததால், அவ்வுயரம் இல்லையேல் அடிவரிசை ஓடு தலைகுனிந்து அடுத்த வரிசை வாய் திறக்கும். நாற்சார் வீட்டின் முற்றத்து மூலைகளில், இரு கூரைகளின் நீரும் சேர்ந்து இறங்கும் ஓடையின் அடித்தகடு துருவேறியிருப்பின், இதே சமயத்தில் அதையும் மாற்றிவிடுவது செலவைக் குறைக்கும்.

ஓடு முழுவதும் ஏறி, முட்டு இறங்கி, மரங்கள் புதிய பாரத்தை வாங்கிச் சில நாள் அமர்ந்த பின்னரே, கைமர முனைகளை மறைக்கும் வலன்ஸ் பலகையை அறைய வேண்டும். முன்னரே அறைந்தால் பாரம் ஏறியதும் பலகையின் கோடு அலையடிக்கும். தகரப்பீலி இடுவோர் அதன் கொளுக்கிகளை அப்பலகையில் தொங்கவிடாமல் கைமரத்தின் பக்கத்தில் பூட்ட வேண்டும். 6 அங்குல அகல அரைவட்டப் பீலி, வேப்பஞ்சருகால் அடைபட்டு நிரம்பினால் மீற்றருக்கு 9 கிலோ அளவுக்கு நீரைச் சுமக்கும். பரவிய பாரத்தைவிட முனையில் தொங்கும் அதே பாரம் இரண்டரை மடங்குக்கு மேல் தாழ்ச்சியை உண்டாக்கும். ஆதலால் பீலி உள்ள வீட்டில் புரட்டாசி முடிவதற்குள் சருகை வாரி, கொளுக்கிகளை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளவைச் சுவரிலுள்ள பழைய கரிக்குறியோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.